தொட்டியில் ஓட்டை போடாதீர்கள்: ஈரம் விரும்பும் காட்டு பட்டர்கப்பை வளர்க்கும் முறை

செடி வளர்ப்பு பற்றி எதைப் படித்தாலும் முதலில் வருவது ஒரே பாட்டுதான். தண்ணீர் தேங்கக் கூடாது, வடிகால் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். இந்தச் செடிக்கு அதை அப்படியே தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்குத் தண்ணீர் தேங்க வேண்டும், வடிகால் கூடாது, மண் காய்ந்தால்தான் ஆபத்து. அடியுரம், மேலுரம், மாதம் ஒரு முறை கரைத்து ஊற்றும் திரவ உரம் எதுவுமே வேண்டாம். நல்ல தோட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர்கள்தான் இதைச் சுலபமாகக் கொல்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் கை சும்மா இருக்காது.

நான் சொல்வது ரனன்குலஸ் ஃபிளாமுலா. ஆங்கிலம் பேசும் ஊர்களில் லெஸ்ஸர் ஸ்பியர்வர்ட் என்பார்கள், இனி வெறும் ஸ்பியர்வர்ட் என்றே சொல்கிறேன். ஐரோப்பா முழுக்க வாய்க்கால் ஓரம், குளத்தங்கரை, மாடு மிதித்துச் சேறாக்கிய ஈரப்புல்வெளி என்று எங்கு பார்த்தாலும் இருக்கும். ஆசியாவின் குளிர்ப் பகுதிகளிலும் உண்டு. பட்டர்கப் குடும்பத்துக்கே உரிய அந்த எண்ணெய் தடவியது போன்ற மஞ்சள் பூ, ஐந்து இதழ், அகலம் ஒன்றரை செ.மீ. அளவுதான். ஆனால் மற்ற பட்டர்கப்களின் வெட்டுப்பட்ட இலை இதற்குக் கிடையாது. அடியிலைகள் காம்போடு முட்டை வடிவில் இருக்கும், மேலே போகப் போக ஈட்டி முனை மாதிரி ஒடுங்கிவிடும். தண்டு உள்ளே கூடாக, பல சமயம் சிவப்புச் சாயலோடு, அரை மீட்டர் வரை வளரும். வடக்கு நாடுகளில் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை பூ இருக்கும்.

வாங்கும்போதே கவனமாக இருங்கள், ஏனென்றால் ரனன்குலஸ் என்ற பெயரில் பல நூறு இனங்கள் இருக்கின்றன. பூங்கொத்துகளில் வரும், ரோஜா மாதிரி அடுக்கடுக்கான இதழுள்ள பெரிய பூ ரனன்குலஸ் ஏசியாட்டிகஸ், அது கிழங்கிலிருந்து வருவது, அதைத் தண்ணீரில் உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் கிழங்கு கூழாகிவிடும். ரனன்குலஸ் ரெப்பன்ஸ் என்று ஒன்று உண்டு, அதுவும் ஈரம் விரும்பும், பூ இன்னும் பெரிதாக அழகாகவே இருக்கும், ஆனால் கொடி ஓட்டி ஓட்டி முழுத் தோட்டத்தையும் எடுத்துக்கொள்ளும். நியூசிலாந்திலும் வட அமெரிக்காவிலும் அதைக் களையாகத்தான் பார்க்கிறார்கள். இலை மூன்று பிரிவாக இருந்து, நடுப்பிரிவுக்குத் தனிக்காம்பு இருந்தால் அது ரெப்பன்ஸ், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது ரனன்குலஸ் லிங்குவா, ஸ்பியர்வர்ட்டின் பெரியண்ணன். ஆள் மார்பளவு உயரம், பூ 5 செ.மீ. வரை. பெரிய குளம் உள்ளவர்களுக்கு அருமையான செடி, தொட்டிக்குச் சரிப்படாது. சேற்றுக்குள் வேர்த்தண்டை நீட்டிக்கொண்டே போகும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குளிர் கண்ட செடி. குளிர்காலம் என்று ஒன்று உண்மையாகவே வருகிற இடத்தில்தான் விதை முளைக்கும், செடியும் வருடக்கணக்கில் நிற்கும். வருடம் முழுக்க வெயில் கொளுத்தும் சமவெளியில் இருப்பவர்கள் இதற்காகப் பணம் செலவழிக்காமல் இருப்பது நல்லது. குளிர்ந்த மலைப்பகுதியில் இருந்தால் முயன்று பார்க்கலாம். பனி பெய்து நிலம் உறைந்துபோகும் ஊரில் இருந்தால் உங்களுக்குக் கவலையே இல்லை.

நஞ்சைப் பற்றி, மண்ணில் கை வைப்பதற்கு முன்

பட்டர்கப் வகைகள் எல்லாமே பச்சையாக இருக்கும்போது நஞ்சு. செடிக்குள் ரனன்குலின் என்ற பொருள் இருக்கிறது, அது சும்மா கிடக்கும் வரை ஒன்றும் செய்யாது. இலையோ தண்டோ நசுங்கினால் அது உடைந்து புரோட்டோஅனிமோனின் என்ற காரமான பொருளாக மாறும். தோலில் பட்டால் எரியும், சிலருக்குக் கொப்புளமே போடும். வாயில் வைத்தால் வாயும் தொண்டையும் புண்ணாகும். அதனால் செடியைப் பிரிக்கும்போதும் வெட்டும்போதும் கையுறை போடுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். செடி காய்ந்துவிட்டால் அந்தப் பொருள் தீங்கில்லாத அனிமோனினாக மாறிவிடும். வைக்கோலில் கலந்துவந்த காய்ந்த பட்டர்கப்பைத் தின்ற மாடு நன்றாக இருப்பதற்கும், மேய்ச்சல் நிலத்தில் பச்சையாக இருப்பதை ஒதுக்கிவிட்டு மேய்வதற்கும் இதுதான் காரணம். வீட்டில் தவழும் குழந்தையோ, கண்டதையும் கடிக்கும் நாயோ இருந்தால் தொட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள். ஆடு, மாடு, குதிரை வளர்ப்பவர்கள் மேய்ச்சல் பக்கம் நடவே வேண்டாம்.

தொட்டி, மண், தண்ணீர்

குளம் இல்லாவிட்டால் பரவாயில்லை. 30 செ.மீ. அகலமும் 20, 25 செ.மீ. ஆழமும் உள்ள எந்தப் பிளாஸ்டிக் தொட்டியும் போதும், அடியில் ஓட்டை மட்டும் இருக்கக் கூடாது. பழைய வாளி, உடைந்த ஐஸ் பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாமே ஆகும். மண் தொட்டி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், உறைபனியில் வெடித்தும் போகும்.

மண் விஷயத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பையில் விற்கும் சத்தான நடவுக்கலவையை வாங்கிக் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றினால் பாதி மிதக்கும், மீதிப் பாதியிலிருந்து உரம் கரைந்து ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சைப் பாயசமாகிவிடும். உங்களுக்கு வேண்டியது கனமான, சத்துக் குறைந்த, களிப்பு கலந்த சாதாரணத் தோட்ட மண். எரு போடாத மூலையிலிருந்து எடுங்கள். வேர், கல், பழைய இலை எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, உருட்டினால் உருண்டை பிடிக்கும் பதத்துக்குப் பிசைந்துகொள்ளுங்கள். ரொம்பக் களியாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மணல் சேர்க்கலாம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணைவிட நடுநிலையான மண்ணோ சற்றே புளிப்பான மண்ணோ இதற்கு ஏற்றது. தோண்ட இடமே இல்லாதவர்கள் நீர்ச்செடிகளுக்கென்று தனியாக விற்கும் மண்ணை வாங்கலாம், அது சத்துக் குறைத்தே தயாரிப்பது.

தொட்டியில் முக்கால்வாசிக்கு மேல் மண் போட்டு, நன்றாக அழுத்தி, செடியை நட்டு, மேலே ஒரு விரற்கடை அளவுக்குச் சின்னச் சரளைக்கல் பரப்புங்கள். சரளை போட்டால் தண்ணீர் ஊற்றும்போது மண் கலங்காது, பறவை வந்து கிளறாது. அப்புறம் மெதுவாகத் தண்ணீர் ஊற்ற ஊற்ற மண்ணிலிருந்து குமிழி வந்துகொண்டே இருக்கும், அது நிற்கும் வரை ஊற்றுங்கள்.

தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்க வேண்டும்? மண் மட்டத்திலிருந்து அதற்கு மேல் 5 செ.மீ. வரை எதுவானாலும் செடி ஏற்றுக்கொள்ளும். இயற்கையில் குளிர்காலத்தில் தண்ணீர் ஏறும், கோடையில் இறங்கிச் சேறு தெரியும், அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய செடி இது. தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் இலையையே மாற்றிக்கொள்ளும், அகலமான இலை போய் மெல்லிய புல் மாதிரி இலை வரும். அமெரிக்காவின் ஆரிகன் மாநில ஏரிக்கரைகளில் இந்த இலை மாற்றத்தை வைத்து 1968இல் ஒரு பேர்பெற்ற ஆய்வே வந்திருக்கிறது. நமக்கு அது வேண்டாம், நமக்குப் பூ வேண்டும். அதனால் தண்ணீர் சரளைக்குள்ளேயே, கல் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி பார்த்துக்கொள்வதுதான் என் சிபாரிசு. செடிக்கு அதுவே தாராளம், கொசு முட்டையிடத் திறந்த தண்ணீரும் இருக்காது. வீட்டோடு ஒட்டிய இடத்தில் தொட்டி வைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் சோம்பேறித்தனம் காட்டக் கூடாது.

மழைத்தண்ணீர் இருந்தால் அதையே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் செடி செத்துவிடாது, ஆனால் கோடை முழுக்க அதையே ஊற்றினால் உப்பும் சுண்ணாம்பும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும், தொட்டியில் வடிகாலும் கிடையாது என்பதால் அவை வெளியேற வழியில்லை. மழைக்காலத்தில் தொட்டியைத் திறந்தவெளியில் விட்டு, நிரம்பி வழிய விட்டால் அது ஓரளவு சரியாகும்.

வெயில் நன்றாக வேண்டும். பாதி நாள் நேர்வெயில் கிடைத்தால் போதும், கோடை கடுமையான இடமென்றால் பிற்பகலில் மட்டும் நிழல் விழட்டும். முழு நிழலில் செடி உயிரோடு இருக்கும், தண்டு நீண்டு சாயும், பூவை எண்ணிவிடலாம்.

குளத்திலும் நிலத்திலும்

குளம் இருப்பவர்கள் வலைக்கூடை போன்ற நீர்ச்செடித் தொட்டியில் நட்டு, கரையோரப் படியில், மண் மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று செ.மீ. தண்ணீர் நிற்கும்படி வைத்துவிட்டால் போதும். கரை மண்ணிலேயே நடுவதானால் செடிக்குச் செடி 20 முதல் 30 செ.மீ. இடைவெளி விட்டு மூன்று நான்காகச் சேர்த்து நடுங்கள். ஒற்றைச் செடி பார்வைக்கு எடுபடாது, பூ சின்னது அல்லவா.

தரையில் ஒரு சதுப்புப் பாத்தியே அமைக்கலாம். 40 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி, கனமான பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, அதில் மீட்டருக்கு ஒன்று வீதம் கம்பியால் குத்தி ஓட்டை போடுங்கள். தலைப்பில் ஓட்டை கூடாது என்று சொல்லிவிட்டு இங்கே போடச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். பாத்தி பெரிது, ஒரு சொட்டும் நகராமல் அடைபட்டுக் கிடந்தால் அடிமண் நாற்றமெடுக்கும், மிக மெதுவாகக் கசிந்துகொண்டிருந்தால் நல்லது. எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மிதித்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். கோடையில் இந்தப் பாத்தியைத் தினமும் கையால் தொட்டுப் பாருங்கள், விரலில் சேறு ஒட்டவில்லை என்றால் தண்ணீர் தாமதமாகிவிட்டது.

பக்கத்தில் என்ன நடுவது என்பது நடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் ஸ்பியர்வர்ட் சண்டை போடத் தெரியாத செடி. உயரமான புல்லோ நாணலோ வந்து நிழல் போட்டால் ஒதுங்கி ஒதுங்கிக் காணாமலே போய்விடும். இயற்கையில் இது நிற்பதே மாடு மிதித்ததாலும் தண்ணீர் ஏறி இறங்கியதாலும் மற்ற செடி ஒழிந்து வெறும் சேறு தெரிகிற இடங்களில்தான். இதன் நெருங்கிய உறவான ரனன்குலஸ் ஓஃபியோகிளாசிஃபோலியஸ் இங்கிலாந்தில் மிக அரிது. அதற்காகவே க்ளாஸ்டர்ஷைரில் பேட்ஜ்வர்த் என்ற ஊரில் 1930களிலிருந்து ஒரு துண்டு நிலத்தைப் பாதுகாக்கிறார்கள். அங்கே பட்ட பாடு என்னவென்றால், வேலி போட்டு யாரும் தொடாமல் விட்டால் செடி குறைந்துவிடுகிறது, புல்லை ஒழித்து மண்ணைக் கிளறிச் சேறாக்கினால்தான் விதை முளைக்கிறது. நம் தொட்டிக்கும் அதுவேதான் பாடம்: புல் முளைத்தால் அன்றே பிடுங்குங்கள், நடுவில் கொஞ்சம் வெற்றுச் சேறு தெரியட்டும். நீர்ப் புதினாவைப் பக்கத்தில் நடாதீர்கள், ஒரே பருவத்தில் மூடிவிடும். நீல நிற வாட்டர் ஃபர்கெட்-மீ-நாட் கொஞ்சமாக இருந்தால் மஞ்சளுக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும், அதையும் அவ்வப்போது கத்தரித்தால்தான் அடங்கும்.

செடியைப் பெருக்குவது

எளிய வழி பிரித்து நடுவது. தண்டு சேற்றில் படுக்கும் இடத்திலெல்லாம் கணுவில் வேர் விடும். வசந்தத்தில் புது இலை வரும் சமயம் அந்த வேர்விட்ட துண்டை வெட்டி எடுத்து, வேறு சேற்றில் அழுத்தி வைத்தால் முடிந்தது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை தாய்ச்செடியையும் தூக்கி, நடுவில் கிழடு தட்டிய பகுதியை எறிந்துவிட்டு, ஓரத்துத் துண்டுகளைப் புது மண்ணில் நடுங்கள். செடி சோர்ந்துவிட்டதே, உரம் போடலாமா என்று தோன்றும்போதெல்லாம் செய்ய வேண்டியது இதைத்தான்.

விதை என்றால் பொறுமை வேண்டும். பூ உதிர்ந்தபின் நடுவில் பச்சைக் குண்டு மாதிரி ஒரு கொத்து நிற்கும். அது பழுப்பாகி, விரல் பட்டதும் உதிர்கிற பதத்தில் சேகரியுங்கள். ஒரு விதை இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. எடுத்த உடனே விதைப்பதுதான் நல்லது, டப்பாவில் போட்டு வருடக்கணக்கில் வைத்திருந்தால் முளைப்பு குறையும். தட்டில் அதே களிப்பு மண்ணைப் போட்டு, விதையை மேலே தூவி, மண்ணால் மூடாமல் வெறுமனே அழுத்திவிடுங்கள், வெளிச்சம் பட வேண்டும். தட்டை ஒரு செ.மீ. தண்ணீர் உள்ள இன்னொரு தட்டில் உட்கார வைத்து, குளிர்காலம் முழுக்க வெளியிலேயே விட்டுவிடுங்கள். பனி விழட்டும், உறையட்டும், ஒன்றும் ஆகாது. அந்தக் குளிர்தான் விதையின் தூக்கத்தைக் கலைக்கிறது. வசந்தத்தில்தான் விதை வாங்கினீர்கள் என்றால், ஈரமணலில் கலந்து ஒரு பையில் போட்டு ஆறிலிருந்து எட்டு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு விதையுங்கள். குழந்தைகள் எடுத்துவிடாதபடி பை மேல் எழுதி ஒட்டுங்கள். முளைப்பு ஒரே நாளில் வராது, இன்று நான்கு, அடுத்த வாரம் இரண்டு என்று இழுக்கும். மூன்று நான்கு இலை வந்ததும் தனித்தனியாக மாற்றலாம், பூவை அடுத்த வருடம் எதிர்பாருங்கள்.

காட்டிலிருந்து பிடுங்கி வருவது வேண்டாம். பல நாடுகளில் சட்டமே தடுக்கிறது, பிரிட்டனில் நில உரிமையாளர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச்செடியையும் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காட்டுச்செடி விற்கும் நாற்றங்காலில் வாங்குங்கள், ஒரு செடி வாங்கினால் போதும், மீதியை அதுவே தரும்.

வருடத்தில் என்ன வேலை

உண்மையைச் சொன்னால் அதிகம் இல்லை. கோடையில் தண்ணீர் மட்டம் பார்ப்பது ஒன்றுதான் விடாமல் செய்ய வேண்டியது. ஜூலை மாதம் போலத் தண்டுகள் சாய்ந்து அலங்கோலமாகும், அப்போது பாதித் தண்டுகளைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுவேன், புதுத் தளிர் வந்து இன்னொரு சுற்றுப் பூக்கும். மீதிப் பாதியை விதைக்கு விடுவேன். தண்ணீரில் நூல் போன்ற பாசி வந்தால் ஒரு குச்சியில் சுற்றி இழுத்து எடுங்கள், பாசி கொல்லும் மருந்து வேண்டாம். பாசி திரும்பத் திரும்ப வந்தால் மண்ணில் சத்து அதிகம் என்று அர்த்தம், மண்ணை மாற்றுங்கள். இலையில் வெள்ளையாகச் சாம்பல் நோய் தெரிந்தால் பெரும்பாலும் வேர் ஒரு முறையாவது காய்ந்திருக்கும். இளநாற்றை நத்தை கடிக்கும், இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கிவிடுங்கள். தளிரில் அசுவினி இருந்தால் விரலால் தேய்க்க நினைப்பீர்கள், கையுறை ஞாபகம் இருக்கட்டும், அல்லது தண்ணீரைப் பீய்ச்சியடியுங்கள். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். பூவுக்கு வருகிற சின்ன ஈக்களும் தேனீக்களும் அதில் போய்விடும். செலோஸ்டோமா ஃப்ளோரிசோம்னே என்ற ஒரு தனித்தேனீ தன் குஞ்சுகளுக்குப் பட்டர்கப் மகரந்தத்தைத் தவிர வேறெதையும் சேர்ப்பதில்லை, அது உங்கள் பக்கத்தில் இருக்கிறதோ என்னவோ, இருந்தால் வரட்டும்.

பூவின் அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள், அதனால் ஒரு வரி. இதழின் மேல்தோல் மிக மெல்லிய வழவழப்பான படலம், அதில் மஞ்சள் நிறமி, அதற்குக் கீழே காற்று இடைவெளி, அதற்கும் கீழே வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் மாவுச்சத்து அடுக்கு. கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்புவது அந்தப் படலமும் காற்றும்தான். பூ கிண்ணமாகக் குவிந்திருக்கும் நேரத்தில் அந்த வெளிச்சம் நடுவில் விழுந்து மகரந்தப் பகுதியைச் சூடாக்குகிறது. நிழலில் வைத்த தொட்டியில் இந்தப் பளபளப்பைப் பார்க்கவே முடியாது, வெயிலுக்கு நகர்த்த இன்னொரு காரணம்.

இலையுதிர் காலத்தில் அழுகிய இலைகளைத் தண்ணீரில் விழவிடாமல் எடுத்துவிடுங்கள். குளிரில் செடி தரையோடு ஒட்டிய சின்ன இலைக்கொத்தாகச் சுருங்கிவிடும், சில தொட்டிகளில் ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும், செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். சிறிய தொட்டி முழுக்க உறைந்து கட்டியாகிற அளவு குளிர் இருந்தால் மண்ணில் பாதி புதைத்து வையுங்கள், இல்லையென்றால் சுவரோரம் நகர்த்துங்கள். வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள், வெப்பத்தில் அகாலத்தில் துளிர்த்து நோஞ்சானாகிவிடும்.

பிரித்தது போக மிஞ்சும் துண்டுகளை ஓடையிலோ ஏரியிலோ வீசாதீர்கள், ஒரு கணு போதும் வேர் விட, விதையும் தண்ணீரில் போய்விடும். வெயிலில் நான்கைந்து நாள் பரப்பி மொறுமொறுவென்று காயவிட்டால் நஞ்சும் போகும், உயிரும் போகும், அதற்குப் பிறகு மட்கு குழியில் போடலாம்.